நாலு மணிக்கு வரும் இன்ஸ்பெக்டர்

அந்தப் போலீஸ் தொடர் முதன்முதலில் வந்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் டிவி கிடையாது. மாடியில் குடியிருந்த தையற்காரர் வீட்டுக்குப் போய், கிடைத்த இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு கொலை, அதைக் கண்டுபிடிக்க ஒரு இன்ஸ்பெக்டர். கொலைகாரன் எப்பேர்ப்பட்ட கில்லாடியாக இருந்தாலும் ஐம்பதாவது நிமிஷத்தில் கைவிலங்கோடு ஜீப்பில் ஏறிவிடுவான். அவன் ஏறும்போது தையற்காரர் வீடே கைதட்டும்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே தொடரை ஏதோ ஒரு சேனல் தினமும் மாலை நாலு மணிக்குப் போட ஆரம்பித்தது. நிறமெல்லாம் மங்கி, ஆட்களின் முகம் மஞ்சள் காமாலை வந்ததுபோல் இருந்தது. டெலிபோனை விரல் விட்டுச் சுற்றினார்கள். ஒரு சேதி சொல்ல இன்ஸ்பெக்டர் நாலு தெரு ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் ஜனங்கள் விடாமல் பார்த்தார்கள். பெண்டாட்டி வேலை செய்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து மடிக்கும்போது பெண்களுக்கு அதுதான் பேச்சு.

"அந்தக் கம்பவுண்டர்தான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீதான் இதை மூணு தடவை பார்த்திருக்கியே, சொல்ல மாட்டியா பின்ன?"

எல்லாரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் விரிப்பின் ஓரத்தை ஓரத்தோடு சேர்ப்பதிலேயே கண்ணாக இருப்பாள். அவளுக்கு அந்தத் தொடரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. காரணம் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவளைப் பேச்சுக்கு இழுப்பதில்லை.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் கூப்பிடுவது வாலு என்று. வாயும் கையும் சும்மா இருக்காது. பத்தொன்பது வயதில் பகலில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பும், விடிகாலையில் ஒரு பேக்கரியில் வேலையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன், தூறல் விழுந்த ஒரு காலையில் சைக்கிளில் பேக்கரிக்குப் போனவளைப் பாலத்து வளைவில் ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்த மாதம் தாய்க்கு இரவு வேலை. ஆறரை மணிக்கு வீடு திரும்பியபோது வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

அவர்கள் நிறையக் கேட்டார்கள். சைக்கிள் என்ன நிறம், விளக்கு எரிந்ததா, எத்தனை மணிக்குக் கிளம்பினாள், யாரோடாவது பழக்கம் உண்டா. சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு வருஷம் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்கள். மூன்றாவது வருஷம் ஒரு கடிதம் வந்தது. துப்பு எதுவும் கிடைக்காததால் விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது என்று நாலு வரி.

அதன்பிறகு அந்த வீட்டில் மகளைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு இல்லை. அவர் வாயைத் திறந்தால் இவள் அழுவாள், இவள் வாயைத் திறந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். போகப் போக இருவரும் வாயைத் திறப்பதில்லை. அரிசி, காஸ், குழாய் ரிப்பேர் என்று இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர் நாலு மணித் தொடரைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக். காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வந்துவிடுவார். கைகால் கழுவி, டிவி முன்னால் உட்கார்ந்தால் தொடர் முடிந்துதான் எழுவார். அவள் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது முடிவுப் பாட்டு ஓடி முடிந்திருக்கும்.

'ஊரிலே செத்தவர்களுக்கெல்லாம் நியாயம் கிடைப்பதைப் பார்த்து இவருக்கு என்ன வந்தது? நம் பெண்ணை அடித்தவன் இன்றைக்கும் எங்கேயோ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான். இவர் ஜீப்பில் ஏறுகிறவனைப் பார்த்துக் குளிர்ந்துபோகிறார்' என்று மனதுக்குள் கறுவிக்கொள்வாள். வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒருநாள் சலவைக்கூடத்தில் நீராவிக் குழாய் வெடித்து, எல்லாரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். நாலு பத்துக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அவர் யாருடனோ பேசும் சத்தம் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. டிவியில் இன்ஸ்பெக்டர் செத்துப்போன யாரோ ஒருத்தியின் வீட்டில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாக் கதையிலும் இந்த இடம் வரும். துப்புத் துலக்கக் கிளம்புவதற்கு முன், செத்தவரின் வீட்டுக்குப் போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகக் கேட்பார்: "அவங்க எப்படிப்பட்டவங்க? கொஞ்சம் சொல்லுங்க, கேக்கறேன்."

அன்றும் இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்ததும் புருஷன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். பிறகு கைகட்டிக்கொண்டு டிவியைப் பார்த்துச் சொன்னார்:

"அவளுக்கு மழைன்னா கொண்டாட்டம் சார். குடை எடுத்துட்டுப் போடான்னா, குடை நனைஞ்சிடும்ப்பான்னு சொல்லும் சார். அப்படி ஒரு வாய். யாரைக் கொண்டு பொறந்ததோ தெரியலை."

அவள் செருப்பைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

இத்தனை நாளாக அவர் அந்த ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நிஜப் போலீஸ் கேட்காமல் விட்ட கேள்வி அது. சைக்கிளின் நிறத்தைக் கேட்டவர்கள் யாரும் உங்கள் பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்கவில்லை. அக்கம்பக்கம் கேட்கவில்லை, சொந்தபந்தம் கேட்கவில்லை. சொல்லப்போனால் அவர்கள் இருவருமே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்கு வந்து முன்னதாகப் போக அனுமதி வாங்கினாள். தினமும் நாலு மணிக்கு, வாசல் கதவுக்கும் அறைக்கும் நடுவிலிருந்த குறுகலான நடையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். அப்பாவோடு வேலைக்குப் போகிறேன் என்று அடம்பிடித்துப் போய், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது வாலு தொண்டை கிழியப் பாடியது. பரீட்சைக்கு முந்தின நாள் அப்பாவின் தோளில் சாய்ந்து, "ஃபெயிலாயிட்டா அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால முடியாது" என்று அழுதது. தாய்க்கு இதெல்லாம் தெரியாது. வெளியூர் போன பெண்ணிடமிருந்து தினம் ஒரு கடிதம் வருவதுபோல இருந்தது அவளுக்கு. அந்த ஒரு வாரம் சலவைக்கூடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து அவளும் ஒருமுறை சிரித்தாள்.

எட்டாவது நாள் இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டு முடித்ததும் அவர் சத்தத்தை நிறுத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், அன்னைக்குக் காலையில நான்தான் அவளைப் பைக்ல கொண்டுபோய் விடறேன்னு சொல்லியிருந்தேன். முந்தின நாளே சொல்லிட்டேன். ஆனா நான் எந்திரிக்கலை சார்."

நடையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு அவர் திரும்பினார். அவள் கைப்பை தரையில் கிடந்தது.

"என்ன சொன்னீங்க?"

அவர் எழுந்தார்.

"ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லலை. அந்தப் பெட்டிகிட்ட சொல்றீங்க!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் தினம் என்னைத்தானே திட்டிக்கிட்டேன்? ராத்திரி வேலைக்குப் போகாம இருந்திருந்தா என் புள்ளை இருந்திருக்கும்னு தலையில அடிச்சுக்கிட்டேனே, அப்பகூட உங்களுக்கு வாய் வரலையா?"

"சொல்லணும்னுதான்…"

"பேசாதீங்க!"

நாலு புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அக்கா எதுவும் கேட்கவில்லை. தங்கைக்கு முகம் சரியில்லை என்று புரிந்துகொண்டு, வேளாவேளைக்குத் தட்டை நீட்டினாள். அத்தான் நல்ல மனுஷர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் நாலு மணியானால் அதே தொடர்தான்.

"எத்தனை தடவை பார்த்தாலும் இது அலுக்கவே அலுக்காதும்மா" என்றார் நாலாவது நாள். "வெளியில எந்த விஷயம் ஒழுங்கா முடியுது சொல்லு? இங்க முடியுது. அடுத்து என்ன வரும்னு தெரியும், அதனாலயே நிம்மதியா இருக்கு."

திரையில் இன்ஸ்பெக்டர் தண்ணீர் குடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"அத்தான், வாலு சின்னப் பொண்ணா இருந்தப்ப இது ஒரு தடவை மறுபடி வந்துச்சே, அதைப் பார்க்கும்போது என்ன பண்ணுவா தெரியுமா? பத்தாவது நிமிஷமே…"

"அதெல்லாம் இப்ப எதுக்குடி?" அக்கா அவசரமாகக் காபியை அவள் கையில் வைத்தாள். "மனசைப் போட்டு அலட்டிக்காதே. ஆறிடப்போகுது, குடி."

அத்தான் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். இருவருமே அவள் மேல் உள்ள பாசத்தில்தான் அப்படிச் செய்தார்கள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் பாதியில் நின்ற அந்த வாக்கியம் நெஞ்சில் முள்போல நின்றுகொண்டது. பத்தாவது நிமிஷமே கொலைகாரன் யாரென்று வாலு கத்திவிடுவாள் என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னால் 'ஆமாம்' என்று தலையாட்ட வேண்டிய ஆள், உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் மேல் இருந்த கோபம் அணுவளவும் குறையவில்லை. குறையாமலேதான் பதினோராவது நாள் பஸ் ஏறினாள்.

அவர் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல் நின்றார். அவள் டிவியை அணைத்துவிட்டு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"முந்தின நாள் ஒரு அடுக்குமாடி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு லேட்டா வந்தேன்" என்று ஆரம்பித்தார். "காலையில வந்து எழுப்பினா. அப்பா, தூறுது, கொண்டுபோய் விடறேன்னீங்களேன்னா. அஞ்சு நிமிஷம்டான்னேன். சரின்னு போயி, ஷூ போட்டுக்கிட்டு, திரும்ப வந்து கட்டில்கிட்ட நின்னா."

"அப்புறம்?"

"நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்." அவர் குரல் உடைந்தது. "தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். உடம்பு வலி. அவளா சைக்கிள்ல போயிடுவான்னு நினைச்சேன். அவ எழுப்பலை. என் கால் போர்வைக்கு வெளியில கிடந்துது. இழுத்து மூடிவிட்டா. வெளியில போகும்போது கதவை எப்பவும் படார்னு சாத்துவால்ல? அன்னைக்குச் சத்தமே வரலை. நான் தூங்கறேன்னு நம்பிக்கிட்டு அவ்ளோ மெதுவா சாத்திட்டுப் போனா."

அவள் எழுந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. அடிக்க அடிக்கக் கையில் வலு போய், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் உட்கார்ந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டி எதிர்ச் சுவருக்குப் போகும்வரை இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

மன்னித்துவிடு என்று அவர் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. அது அன்றைக்கு வரவில்லை, அடுத்த வருஷமும் முழுசாக வரவில்லை. பாலத்து வளைவில் அடித்தவன் யாரென்பதும் கடைசிவரை தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "சாப்பிட்டாளா அன்னைக்கு?"

"தெரியலையே" என்றார் அவர். "நான்தான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேனே."