மூன்று தண்ணீர் கண்ட வெள்ளரி

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு மனைவியை உட்கார வைத்துவிட்டு, பஸ் டிரைவர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார். விரல் இடுக்கு, நக இடுக்கு, முழங்கை வரை. வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றி டயரையெல்லாம் தட்டிப் பார்க்கிற மனிதர். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து நீண்ட விடுப்பு எடுத்ததிலிருந்து சமையலறையையும் அதே கண்ணோடுதான் பார்த்தார். கல்யாணமான நாள் முதல் வெந்நீர் வைக்கக்கூட உள்ளே எட்டிப் பார்க்காதவர், இப்போது அடுப்பே கதி என்று கிடந்தார். அவளுக்கு அதில் பெருமைதான். சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து எதை வாயில் வைத்தாலும் இரும்புச் சுவை. வெந்து குழைந்ததையே விழுங்கி விழுங்கிப் பல்லுக்கு வேலையில்லாமல் போயிற்று. போன மாதக் காய்ச்சலுக்குப் பிறகு பச்சைக் காயைக் கண்ணில் காட்டக் கூடாது என்றிருந்த டாக்டரம்மா, இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, நன்றாகக் கழுவிக் கொஞ்சம் சாப்பிடலாம் என்றார். வரும் வழியிலேயே டிரைவர் வெள்ளரிக்காயும் கோழியும் வாங்கிவிட்டார். அவளுக்கு வெள்ளரி பல்லில் நறுக்கென்று முறிகிற அந்தச் சத்தம் வேண்டும். வேறு எதற்கும் இவ்வளவு ஏங்கியதாக ஞாபகமில்லை.

அந்தக் காய்ச்சலும் வெள்ளரியால் வந்ததாகத்தான் வீட்டில் பேச்சு. அவளுடைய தங்கை ஆசையாக நறுக்கி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு நாளில் குளிர், வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி. போன உயிர் திரும்பி வந்தது. ஏதோ கிருமி, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது என்றார்கள். டிரைவருக்கு அப்படியொரு சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு பேர் பார்க்க மைத்துனியை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“நான் மறுபடி மூணு தண்ணி ஊத்திக் கழுவிக் குடுத்தும் இந்தக் கதின்னா, நீ எந்த லட்சணத்துல கழுவியிருப்பே? உங்க அக்கா உயிர் உனக்கு வெளையாட்டா?”

அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை. போனில் மட்டும், “என்னாலதானேக்கா” என்று ஆரம்பித்து அழுவாள்.

இத்தனை நாளும் உள்ளறைக் கட்டிலில் கிடந்தவளுக்கு, அவர் சமைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. நீல பிளாஸ்டிக் பேசினில் கோழித் துண்டுகளைப் போட்டு அலசினார். பேசினில் தண்ணீர் சிவந்தது. கோழியை சூப்புக்காக அடுப்பில் ஏற்றினார். பேசினில் ஒரு கை தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கொட்டினார். அதிலேயே புதுத் தண்ணீர் பிடித்து, கல் உப்பு போட்டு, கொஞ்சம் வினிகர் விட்டு, வெள்ளரிக்காய்களை ஒவ்வொன்றாகப் பூப்போல இறக்கினார்.

அவள் கோழியை எப்போதும் கொல்லைக் குழாயடியில் தனிச் சட்டியில்தான் கழுவுவாள். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“என்னங்க, தங்கச்சி கொண்டுவந்ததையும் இதுலதான் கழுவினீங்களா?”

“பின்னே? அவளை நம்பி அப்படியே குடுக்கச் சொல்றியா? இதே பேசின்தான். அன்னைக்கும் சூப்பை வெச்சுட்டு, நல்லா ஊறவெச்சுத்தான் எடுத்தேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த திருப்தியை அவளால் பார்க்க முடியவில்லை. கோபம் வரவில்லை, பயமாக இருந்தது. பச்சைக் கோழியின் கிருமி இந்தப் பேசினிலிருந்துதான் காயில் ஏறியிருக்கும் என்று சொன்னால் இந்த மனிதர் இடிந்துபோவார். நாளை முதல் உப்புப் போடக்கூட யோசிப்பார். சொல்லாவிட்டால்? ஏதாவது சாக்குச் சொல்லிப் பேசினை மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. தங்கை மட்டும் காலத்துக்கும் அழுதுகொண்டிருப்பாள். அந்த வராந்தாவில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளை நினைத்துக்கொண்டாள்.

டிரைவர் வட்ட வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். “கடிச்சுப் பாரு. தைரியமா சாப்பிடு.”

ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். பச்சை வாசனை. வாயில் எச்சில் ஊறியது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“அக்கா? என்னக்கா, மறுபடி காய்ச்சலா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லடி. சாயங்காலம் வீட்டுக்கு வா. வரும்போது காய் கழுவ ஒரு பேசின் வாங்கிட்டு வா.”

“வீட்லதான் ஒண்ணு இருக்கே?”

“அது கோழிக்கு. தெரியாம கோழி கழுவினதுலயே காயையும் கழுவிட்டிருந்திருக்கோம். அன்னைக்கு நீ கொண்டுவந்ததையும் அதுலதான் போட்டோம்.”

தங்கை குரலைத் தாழ்த்தி, “மாமா பக்கத்துல இருக்காரா?”

“இங்கதான் இருக்கார். நீ வா.”

போனை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் சமையல் மேடை அருகே நின்றிருந்தார். முதுகுதான் தெரிந்தது. சூப்புச் சட்டியின் மூடி தடதடவென்று ஆடியது, அவர் அடுப்பைக் குறைக்கவில்லை. வெகு நேரம் கழித்து, குழாயைத் திறந்து சோப்பை எடுத்தார். விரல் இடுக்கு, நக இடுக்கு, முழங்கை வரை. தண்ணீர் விட்டார். மறுபடியும் சோப்பை எடுத்தார்.