படத்தில் உள்ளபடி

"இது நாங்க குடுத்த சாமான் இல்ல."

மேசைமேல் கிடந்த கைத்துப்பாக்கியை வார்டு அதிகாரி ஊ சான் வின், எச்சில் இலையைத் தள்ளுவதுபோல ஒற்றை விரலால் கனகாம்பாள் பக்கமாகத் தள்ளினார். வார்டு ஆபீசில் காலை ஒன்பதரைக்கே மின்விசிறி நின்றுபோயிருந்தது.

"நீங்கதான் குடுத்தீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மேசையில வச்சு."

"டோ கனகா, படத்தைப் பாருங்க." அவர் பெயருக்கு முன்னால் 'ஊ' போல அவளுக்கு 'டோ', பர்மிய மரியாதை.

பதிவேட்டில் ஒட்டியிருந்த படத்தில் துப்பாக்கியின் பிடி கறுப்பாக இருந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு நட்சத்திரம். மேசைமேல் கிடந்ததற்குத் தேக்குப் பிடி. விரல்கள் பதிய நான்கு பள்ளங்கள். குழலின் நுனியில் குறி பார்க்கும் முனைக்குச் சிவப்புச் சாயம்.

அந்தத் தேக்கு அவளுடைய அம்மா சீதனமாகத் தந்த நாற்காலியின் கை. சிவப்பு அவளுடைய நகப்பூச்சு. இடுப்பு உறைக்கு அவளுடைய தோல் பைதான் கிழிந்தது. "ஆயிரக்கணக்குல டாலர் குடுத்து வாங்குறவன் துப்பாக்கி மாதிரி ஆயிருச்சு பாத்தியா? நமக்குச் செலவே இல்ல" என்று அவள் கணவர் தேவராஜ் திருப்பித் திருப்பிக் காட்டுவார். செல்போனில் யாரோ வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அந்தத் துப்பாக்கியால் அவர் ஒரு காக்கையைக்கூட விரட்டியதில்லை. இன்று விடியற்காலையில், பற்பசை தொட்டு அதைத் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் தலை சாய்ந்தது. வாயைத் துடைப்பதற்கு முன் கனகாம்பாள் அவர் கையில் இருந்த பற்பசையைத் துடைக்க வேண்டியிருந்தது.

"ஆறு தோட்டாவும் சரியா இருக்கு. அதுவரைக்கும் நல்ல மனுஷன்" என்றார் ஊ சான் வின். "ஆனா மேல இருந்து வந்து பாத்தா படத்துல உள்ளபடி இருக்கணும். பழைய பிடியைக் கொண்டாங்க. கடுதாசி தர்றேன்."

"பிணம் வீட்ல கிடக்கு. வெயில் ஏறுது. கரண்ட் இல்ல. உங்க கடுதாசி இல்லாம சுடுகாட்டுல வாங்க மாட்டாங்க."

"பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் திங்கக்கிழமைதான்."

அன்று சனிக்கிழமை.

துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைக் கண்டதும் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். பபேடான் பேட்டையில் அந்தத் தெருவில் யார் செத்தாலும் மேல்வீடு கீழ்வீடு எல்லாம் கூடிவிடும்; இந்துவென்றும் முஸ்லிமென்றும் பார்ப்பதில்லை. இன்று கூடவில்லை. பட்டாளத்துக்குப் பையன்களைப் பிடிக்கச் சீட்டுக் குலுக்கியபோதெல்லாம் ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் பிஸ்டல் ஊ தேவராஜ். இந்தத் தெருவிலிருந்து மட்டும் மூன்று பையன்கள் அந்த ஸ்டூலைத் தாண்டித்தான் லாரியில் ஏறினார்கள்.

"நீங்க போய் வார்டு காவல் படையில சேந்துக்குங்க. நம்ம மோகன் பேரை விட்டுருவாங்க" என்று சொன்னவள் கனகாம்பாள்தான். நான்காவது குலுக்கலில் மகன் மோகன் பேரும் வந்தது. அதே ராத்திரி அப்பாவும் அம்மாவும் அவனை எல்லை தாண்டித் தப்பவைத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலும் அந்த மனிதர் துப்பாக்கியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஸ்டூலுக்குப் போனார்.

மூன்று மாடி ஏறி வந்தபோது நாத்தனார் விஜயகுமாரி அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"கடுதாசி கிடைச்சுதா அண்ணி?"

"உங்கண்ணன் கழட்டுன பழைய பிடி வேணுமாம். அது வந்தாத்தான் உங்கண்ணன் வேகலாமாம்."

"செத்தும் படுத்துறானே!" விஜயகுமாரி அழ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "எங்க வச்சான்?"

"என்னையா கேக்குற? எங்கிட்ட எதைச் சொன்னாரு அந்த மனுஷன்? பீரங்கி வாங்கி வச்சிருந்தாலும் எனக்குத் தெரியாது."

கட்டிலுக்கு அடியில், பரண்மேல், பழைய சப்பாத்துப் பெட்டியில் என்று தேடினார்கள். பெட்டியில் பழைய ஆணிகளும் வில்கம்பிகளும்தான் இருந்தன. கழற்றிய திருகாணிகளை மட்டும் மருந்துக் குப்பியில் போட்டு, மேலே சீட்டு ஒட்டி, 'பத்திரம்' என்று எழுதியிருந்தார்.

"ஆணிக்குப் பத்திரம்! பெத்த பிள்ளைக்கு இல்ல" என்றாள் கனகாம்பாள்.

"பிணத்துக்கு முன்னாடி பேசாதீங்க அண்ணி."

"இருந்தப்பவும் பேசவிடல. இப்பவும் பேசக்கூடாதா?"

மணி பதினொன்று ஆகிவிட்டது. குளிப்பாட்டவாவது தண்ணீர் பிடித்து வைக்கலாமென்று விஜயகுமாரி அடுப்படிக்குள் போய்ச் சோற்றுப் பானையை எடுத்தாள்.

"இந்த மூடியை எங்க வைக்க?"

கனகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். மூடியின் பழைய கைப்பிடி உடைந்து, கரித்துணியால் பிடித்து இறக்கிக் கை சுட்டபோது ஒரு நாள் வைதாள். மறுநாள் மூடிமேல் கறுப்பாக ஒன்று நின்றது. என்ன ஏதென்று கேட்கவில்லை. சூடு ஏறாமல் இருந்தது, போதும். குறுக்கும் நெடுக்குமான கோடுகள். நடுவில் நட்சத்திரம், ஆவிபட்டு மழுங்கியது. இரண்டு வருஷமாக இரண்டு வேளையும் அதைப் பிடித்துத்தான் சோறு இறக்கியிருக்கிறாள்.

"கத்தியைக் கொண்டா" என்றாள். விஜயகுமாரி கொண்டுவந்தாள்.

"இது பிடியோட ஒரு பக்கம். இன்னொரு பக்கம்?"

"பீரோ ஆடுது, பீரோ ஆடுதுன்னு ஒரு நாள் பூரா கத்துனேன். மறுநாள் ஆடல."

பீரோ பிணத்துக்கு இரண்டடி தள்ளி நின்றது. விஜயகுமாரி தோள் கொடுத்துத் தூக்க, கனகாம்பாள் தரையில் படுத்துக் கையை விட்டாள். கதவு தானாகத் திறந்துகொண்டு தேவராஜின் சட்டைகள் விஜயகுமாரி முகத்தில் இடித்தன.

"இருக்கா?"

"இருக்கு. இறக்கு மெதுவா, விரல் மாட்டிக்கும்." எழுந்து தூசியைத் தட்டினாள். "வீட்டைப் பிரிச்சுத் துப்பாக்கிக்குப் போட்டாரு. துப்பாக்கியைப் பிரிச்சு வீட்டுக்குப் போட்டாரு. ரெண்டும் உருப்படல."

பீரோ மறுபடி ஆடத் தொடங்கியது. தேக்குப் பிடியைக் கழற்றிப் பழையதை மாட்டி, சிவப்பைச் சுரண்டி எடுத்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம்.

ஊ சான் வின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். படத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"ஒரு பக்கம் வெளுத்திருக்கே."

"சோத்துச் சூடு."

"என்னது?"

"பானை மூடியில மாட்டியிருந்தாரு. மேல இருந்து வந்து கேட்டா, நாட்டுக்காக அடுப்படியில நின்னுச்சுன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார். "அப்பன் செத்ததுக்கு மகன் வரலையா?"

கனகாம்பாள் முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனிதர் இரண்டு வருஷம் காவல் காத்த வாசல் வழியாக அனல் உள்ளே வந்தது. அவர் போனதும் ஸ்டூலை எடுத்து அதன்மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டார்கள்.

"வழி தூரம்" என்றாள்.

"தூரமாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் முத்திரையைக் குத்தினார். அது மிரட்டலா, புத்திமதியா என்று அவள் யோசிக்கவில்லை. மை காயும்வரை ஊதிக்கொண்டே படியிறங்கினாள்.

இரண்டு மணிக்கு இலவச அமரர் ஊர்தி வந்தது. ஓட்டுநர் மாரிச்சாமியும் கூட வந்த மூன்று பேரும் குறுகலான படியில் தேவராஜைச் சாய்த்தும் நிமிர்த்தியும் கீழே இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு சாத்தியிருந்தது. ஒரு கதவுக்குப் பின்னால் ரேடியோவை மட்டும் யாரோ அணைத்தார்கள்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாதே அண்ணி" என்றாள் விஜயகுமாரி.

"கொள்ளி வைக்க ஆம்பளை நிக்கிறானா, காட்டு. நான் இங்கயே நின்னுக்குறேன்."

இருவரும் ஏறினார்கள். வண்டிக்குள் இரண்டு பக்கமும் நீளமான பலகைகள். பதினாறு பேர் உட்காரலாம். விஜயகுமாரி ஒரு பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கனகாம்பாள் எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

"எடுக்கலாமாக்கா?" என்று மாரிச்சாமி முன்னாலிருந்து கேட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பின்கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்த மனிதரை வைது வைது வாய் உலர்ந்திருந்தது.

"ரெண்டு நிமிஷம் இருப்பா" என்றாள். "யாராச்சும் வருவாங்க."

மாரிச்சாமி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தினார்.

சாமான் தூக்குவதற்காக மாடி மாடியாக விட்டிருந்த கயிறுகள் தெருவின் இரண்டு பக்கமும் தொங்கின. காற்று வந்து அவற்றின் நுனியில் கட்டியிருந்த மணிகள் மெல்ல ஒலித்தன. எந்த வீட்டிலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.