தொப்புளருகே ஓடிய கோடு

சிவலிங்கத்தால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் நாற்காலியை விட்டு எழாதவர் என்று பெயர் வாங்கி ஓய்வு பெற்றவர், இப்போது பெஹாலா வீட்டில் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வயிற்றில் அரித்தது. சொறிந்தால் அரிப்பு இடுப்புக்குப் போனது. அங்கே கை வைத்தால் தொடைக்கு இறங்கியது.

"கொஞ்ச நேரம் உக்காருங்களேன். பாக்குற எனக்கே தலை சுத்துது" என்றாள் மனைவி ராஜம்.

"உள்ள என்னமோ ஓடுது ராஜம்."

"மூச்சு இழுப்புக்குப் போடுற ஸ்டீராய்டு மாத்திரைச் சூடு. மோர் குடிங்க."

இழுப்பும் அடங்கவில்லை. வயிற்றுவலி சேர்ந்துகொண்டது. பயந்துபோன மகள் ஜெயப்ரியா, ஜாதவ்பூரில் தனக்குத் தெரிந்த டாக்டர் மாதங்கியிடம் அவரை அழைத்துப் போனாள்.

தொப்புளருகே சிவப்பாக, நூல் போல ஒரு தடிப்பு. அதன் நுனியில் மாதங்கி பேனாவால் புள்ளி வைத்தார்.

"வெளியே வெயிட் பண்ணுங்க அங்கிள். சொறியாதீங்க."

அவர் தெருமுனை டீக்கடைக்கும் கிளினிக்குக்குமாக அலைந்தார். மறுபடி கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கியபோது, தடிப்பு புள்ளியைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது.

"முன்னாடி குடல்ல புழு இருந்துச்சா?"

"ரிட்டயர் ஆன புதுசுல இருந்துச்சு. மாத்திரை போட்டேன், போயிடுச்சு."

"முழுசா போகலை அங்கிள். இந்தப் புழு உள்ளேயே பெருகும், அதோட குஞ்சு தோலுக்கடியிலயும் நுரையீரல்லயும் ஓடும். உடம்பு அதை அடக்கி வெச்சிருந்தது. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சதும் அதுக்குத் தடையில்லாம போச்சு."

"இத்தனை வருஷமாவா?" அவர் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது மலத்திலும் சளியிலும் புழுக்குஞ்சுகள் நெளிந்தன. மாதங்கி புழுவுக்கு வேறு மருந்து கொடுத்தார். நெஞ்சு டாக்டரிடம் பேசி ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார். அரிப்பு அடங்கியது, இழுப்பும் தணிந்தது.

"டெஸ்ட் க்ளியர். ஆனா ஒரு தடவை பாத்துட்டு விட மாட்டேன். திரும்பத் திரும்ப வரணும்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. மத்தியானம் கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவரை ராஜம் பார்த்துவிட்டாள்.

"அரிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்தைப் பாக்குறீங்க?"

"அரிக்கலையே, அதான் பாக்குறேன்."

ராஜம் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இப்படி வெளிச்சத்துக்குத் திரும்புங்க" என்று அவரால் பார்க்க முடியாத முதுகுப் பக்கமாக வந்து நின்றாள்.