மிஷினுக்கு வைத்த பொட்டு

நூல் சுற்றும் புது மிஷினுக்குப் பெண்கள் பொட்டு வைத்திருந்ததைப் பார்த்ததும் ஹுமாயூனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒவ்வொரு உருளைக்கும் மேலே வரிசையாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. வந்த நாளிலிருந்து அந்த மிஷினைச் சக்களத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தவர்கள், ஒருவழியாக வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தார் பாவம்.

ராஜபாளையத்தில் அந்த மில்லுக்கு அவர் சூப்பர்வைசர். மேனேஜர் சுப்புராஜ், கோயம்புத்தூரிலிருந்து பழகிய ஆட்களை இறக்கிவிட்டு, இங்கே இருக்கிற பெண்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம் என்றிருந்தார். ஹுமாயூன்தான் குறுக்கே விழுந்தார்.

"நம்ம பொம்பளையாளுகளே ஓட்டிருவாக சார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர் நெலைக்கு வரட்டும், பொறவு வந்து பாருங்க."

சும்மா கிடந்த வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அத்தனை வீட்டு அடுப்பும் இப்போது அந்த ஒரு வார்த்தையில் எரிந்தது. பொட்டு வைத்த பிறகும் உற்பத்தி மட்டும் ஏறுவேனா என்றது.

ஒரு மத்தியானம் அவர் கை பட்டு ஒரு பொட்டு உதிர்ந்தது. அடியில் சிவப்பு லைட்டு எரிந்துகொண்டிருந்தது. அடுத்ததை உரித்தார். அதிலும் சிவப்பு. உருளை அசையாமல் நின்றது. பக்தியாவது ஒன்றாவது, லைட்டை மறைத்திருக்கிறார்கள்! கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"யாரு ஒட்டுனது இத?"

கான்சாபுரத்திலிருந்து வருகிற குருவம்மாள் முன்னால் வந்தாள். அவள் வாய்க்கு மேனேஜரே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்.

"நாந்தேன் ஒட்டுனேன். செவப்பு எரிஞ்சா நீங்க துணி கட்டுவீக. அந்த அவமானம் எங்களுக்கு எதுக்கு?"

ஹுமாயூனுக்குச் சுருக்கென்றது. யாருடைய உருளையில் கழிவு நூல் கூடுகிறதோ, அதில் சிவப்புத் துணி கட்டுவது அந்த மில்லின் பழக்கம். துணி விழுந்த உருளைக்காரி ஷிப்டு முழுக்கத் தலை நிமிர மாட்டாள். முன்னிருந்தவர் கட்டினார், இவரும் யோசிக்காமல் கட்டினார். மிஷின் கம்பெனி ஆள் வந்து எல்லா பட்டனையும் விளக்கிவிட்டுப் போனார். இந்தப் பெண்களுக்குச் சிவப்பு என்றால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மேஜையைத் திறந்து சிவப்புத் துணிகளை மொத்தமாக அள்ளிக் கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் திணித்தார்.

"இனிமே துணி கெடையாது. இந்த லைட்டு உங்க தப்பக் காட்டலம்மா. அறுந்த நூல மிஷினே ஒட்டிப் பாக்குது. ஏலாமப் போனா, எனக்கு முடியல, வாங்கன்னு கூப்பிடுது. தோத்தது அதுதான், நீங்க இல்ல."

"இன்னைக்கு இப்படிச் சொல்லுவீக" என்றாள் குருவம்மாள்.

பேச்சை நம்புகிற ஆள் அவள் இல்லை. அதனால் மறுநாள் முதல் லைட்டு எரிந்ததும் ஹுமாயூனே, "தோத்துருச்சு, தோத்துருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினார். நூலை எடுத்துக் கோக்கத் தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டு முழித்தார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குருவம்மாள் அவரை ஒதுக்கிவிட்டு ஒரு இழுப்பில் சரிசெய்தாள். லைட்டு அணைந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பொட்டு மிச்சமில்லை, அவர்களே உரித்துவிட்டார்கள்.

தேர் நிலைக்கு வந்த மறுவாரம் சுப்புராஜ் வந்து நின்றார். நின்ற இடத்திலேயே, அவர் மூக்குக்கு நேராகச் சிவப்பு எரிந்தது.

"என்னய்யா, வந்ததும் செவப்பா?"

ஹுமாயூன் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தக் கோடியிலிருந்து குருவம்மாள் சத்தம் கொடுத்தாள்.

"ஏட்டி இருளம்மா, அங்கன தோத்துருச்சு பாரு!"

இருளம்மாள் மேனேஜரைத் தாண்டிக் கை நீட்டினாள். அவர் கண் சிமிட்டுவதற்குள் உருளை சுற்றியது. அடுத்தது எரிந்தது, இன்னொருத்தி ஓடினாள். ஒரு உருளைகூடச் செத்த நேரம் சும்மா நிற்கவில்லை. பக்கத்தில் குவிந்த நூல் கோன்களைச் சுப்புராஜ் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"என்னம்மா தோத்துருச்சுங்கிற?" என்று குருவம்மாளைக் கேட்டார்.

"மிஷினுதேன்யா. நாங்க என்னைக்குத் தோத்தோம்?"

சுப்புராஜ் சிரித்துவிட்டார். "கோயம்புத்தூர் ஆளுக வேண்டாம்னு சொல்லிருய்யா" என்று ஹுமாயூன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஹுமாயூனுக்குக் கண் கலங்கியது. பஞ்சுத் தூசி என்று சொல்லிக்கொண்டார், ஒருத்தியும் நம்பவில்லை.

குருவம்மாள் தன் நெற்றிப் பொட்டை எடுத்து மிஷினின் உச்சியில் ஒட்டினாள். இந்தத் தடவை லைட்டை விட்டு நன்றாகத் தள்ளி ஒட்டினாள்.