அம்மா படத்தை நிறுத்தும் இடம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, ஒருவர் வந்து கேட்டது. எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுது பார்க்க வருகிறவர் ஒரு மதிய வேளையில் கையெல்லாம் கிரீஸோடு என் வாசலில் நின்றார்.

"மேடம், நீங்க கதை எழுதுவீங்களாமே. ஒரு படத்துக்கு வேற முடிவு எழுதித் தர முடியுமா?"

என்ன படம் என்றேன். பேஸ்பால் படம் என்றார். பேஸ்பாலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் மனிதர் அழுதிருந்தார். கண்ணைத் துடைத்ததில் கன்னத்திலும் கிரீஸ் ஏறியிருந்தது. உள்ளே வரச் சொன்னேன்.

(முதலில் இந்தக் கதையை "வளர்ந்த ஆண் ஒருவன் அழும்போது" என்று தொடங்கினேன். எனக்கே சகிக்கவில்லை, அடித்துவிட்டேன்.)

2

கட்டடத்தில் எல்லோரும் அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கதையிலும் அதுவே இருக்கட்டும்.

படம் இதுதான். செத்துப்போன ஆட்டக்காரர் ஒருவருக்கு, ஒரே ஒருமுறை மட்டை பிடித்துவிட்டுப் போகலாம் என்று வரம் கிடைக்கிறது. அவுட் ஆகும்வரை பூமியில் இருக்கலாம். மைதானத்து ஓரத்தில் அவருடைய மகள். அவர் போனபோது கைக்குழந்தை, இப்போது வளர்ந்த பெண். பேஸ்பாலில் ஒரு சௌகரியம் உண்டாம். பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்து, அதை யாரும் பிடிக்காமல் விட்டால், அவுட் இல்லை. மறுபடி பந்து போடுவார்கள். மனிதர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். வேண்டுமென்றே வெளியே வெளியே அடிக்கிறார். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே மகளோடு நாலு வார்த்தை. பள்ளிக்கூடம் பிடித்ததா? அம்மா இன்னும் சத்தமாகத்தான் சிரிக்கிறாளா?

எதிரணிக்கு விஷயம் புரிந்துபோகிறது. கைக்கு நேராக வரும் பந்தையெல்லாம் கோட்டை விடுகிறார்கள். குண்டு ஆட்டக்காரர் ஒருவர் பந்துக்கு அடியில் ஓடிவந்து நின்று, கடைசி நொடியில் தன் காலே தடுக்கினாற்போல் பொத்தென்று விழுகிறார். ஸ்பேனர் இதை என் ஹாலில் விழுந்தே காட்டினார்.

இந்த மாதிரிப் படங்களைச் சுத்தப் பம்மாத்து என்று சொல்லித் திரிகிற ஆள் நான். கேட்டுக்கொண்டிருந்தபோதே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. ஆவி வருவதெல்லாம் கிடக்கட்டும். முன்பின் தெரியாத ஒன்பது பேர் ஒரு பெண்ணுக்காகத் தோற்கத் தயாராக நிற்கிறார்களே, அங்கேதான் நம் கதை கந்தலாகிறது.

"அழகான படமாச்சே. இதுக்கு எதுக்கு வேற முடிவு?" என்றேன்.

"இதான் முடிவுன்னு நானும் நெனச்சேன் மேடம், இத்தனை வருஷமா."

3

அப்பா இல்லாத வீடு. பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுக்கும் அம்மா, ஓர் அக்கா, ஸ்பேனர். அம்மா தன் வார லீவு நாளில் ஒரு வீடியோ கேசட் வாடகைக்கு வாங்கி வருவார். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் மூவரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். திரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மா எழுந்து பொத்தானை அழுத்துவார். "அவ்ளோதான். எல்லாரும் நல்லா இருந்தாங்க. எந்திரிங்க, சாப்பிடலாம்."

படம் என்றால் அப்படித்தான் முடியும் என்று ஸ்பேனர் நம்பினார். ஒரு நாய்ப் படத்தில், கடைசியில் அந்த நாய் செத்துப்போகும் என்று சொன்ன வகுப்புப் பையன் ஒருவனைப் போட்டு மொத்தியிருக்கிறார். பேஸ்பால் படத்தில் அப்பா இன்னமும் மட்டை பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றே போன வாரம்வரை எண்ணியிருந்தார்.

4

(இந்தப் பகுதியை நான் பார்க்கவில்லை. அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.)

அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கசிந்து, இப்போது ஆஸ்பத்திரியில் மெஷின்தான் மூச்சு விடுகிறது. இனித் திரும்ப மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருவரும் சம்மதித்தால் மெஷினை எடுத்துவிடலாம். அக்கா சரி என்றுவிட்டாள். தம்பி தினமும், நாளைக்குச் சொல்கிறேன் என்கிறார்.

"மெஷின் ஓடுதுல்ல டாக்டர்? அப்புறம் என்ன?" ஓடுகிற மெஷினை நிறுத்துவது அவர் தொழிலிலேயே கிடையாது. போகும்போதும் வரும்போதும் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார்.

போன வாரம் ஒரு நாள், அம்மாவுக்குப் பிடித்த படமாயிற்றே என்று போனில் அந்த பேஸ்பால் படத்தைப் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா நிறுத்தும் இடம் வந்தது. போனுக்குக் கையை நீட்டுகிறார், நர்ஸ் வந்து, "கொஞ்சம் புடிங்க, அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்" என்கிறார். இரண்டு கையாலும் அம்மாவின் தோளைத் தாங்கிக்கொண்டார். படம் பாட்டுக்கு ஓடியது.

படத்தில் பொழுது விடிகிறது. அப்பாவின் உள்ளங்கை பிளந்து மட்டை வழுக்குகிறது. மகள் அதைப் பார்த்துவிடுகிறாள். எழுந்து போய்க் குண்டு ஆட்டக்காரரிடம் கையுறையை வாங்கிக்கொண்டு அவர் இடத்தில் நிற்கிறாள். பந்து மேலே போகிறது, இறங்குகிறது. பிடித்துவிடுகிறாள்.

"பெத்த பொண்ணு மேடம்! ஊரே விட்டுக் கொடுக்குது, இவ போய்ப் புடிக்கிறா! கல்நெஞ்சுக்காரி!"

5

அவர் மறுநாள் வருவதற்குள் எழுதி வைத்தேன்.

முடிவு அ: மகள் பந்தைத் தவறவிடுகிறாள். அப்பா சிரிக்கிறார். அடுத்த பந்து வருகிறது, அதற்கடுத்ததும்.

முடிவு ஆ: பந்து வானத்திலேயே நின்றுவிடுகிறது. (எழுதும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அவரிடம் காட்டவில்லை.)

முடிவு இ: மகள் ஓடிவந்து அப்பாவின் மட்டையைத் தான் வாங்கி, அப்பாவுக்குப் பதிலாக

இல்லை. ஆட்டத்தின் விதி இடம் கொடுக்காதாம்.

முதல் முடிவை வாசித்துக் காட்டினேன். ஸ்பேனர் குனிந்தபடி கேட்டார். "நல்லாருக்கு மேடம்" என்றார். நகத்தில் படிந்த கிரீஸைச் சுரண்டியபடி, "அப்புறம் அவர் எப்ப உக்காருவார்?" என்றார்.

"யாரு?"

"அந்த அப்பாதான். கை கிழிஞ்சு கெடக்கு. நின்னுக்கிட்டே இருக்காரே."

தான் கேட்டது அவருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. பாவமாக இருந்தது, அவரைப் பார்க்கவே முடியவில்லை.

6

அக்காவைப் போனில் கூப்பிட்டார். கை அழுக்கு என்பதால் ஸ்பீக்கரில் போட்டு என் மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, எங்க நிறுத்தணும்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, "லூசு. முழுசாப் பாத்துட்டுத்தான்டா நமக்குப் போடுவாங்க. நாம ஸ்கூலுக்குப் போனதும் தனியா உக்காந்து பாப்பாங்க. எனக்கு ஜுரம்னு ஒரு நாள் வீட்ல இருந்தேன்ல, அன்னைக்கு இந்தப் படம்தான். நான் தூங்குறேன்னு நெனச்சு, தலையணையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டு அப்படி அழுதாங்க. சாயங்காலம் நீ வந்ததும் சிரிச்சுக்கிட்டே போட்டு, சரியா அங்க நிறுத்தினாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சின்னப் பையன்டா."

(இந்த அக்காமீது எனக்கு முதலில் சந்தேகம். கதைக்குத் தோதாகப் பேசுகிறாளே என்று. ஆனால் என் மேஜைமேல் கேட்ட குரல் அது. மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது.)

"இப்பவும் உன்னால முடியலன்னா பரவால்லடா தம்பி," என்றாள் அக்கா. "சரின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடு. நீ வீட்லயே இரு. உள்ள நான் மட்டும் போறேன். கடைசி வரைக்கும் நான் இருந்துக்கிறேன்."

ஸ்பேனர் மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்க்கா. அம்மா ஒருத்தரே தனியாப் பாத்தது போதும். நான் வர்ற வரைக்கும் உள்ள போகாத."

7

அந்த அறையில் நடந்ததை அவர் பிறகு என்னிடம் சொன்னார். எழுதியும் பார்த்தேன். "அக்கா அம்மாவின் இடது கையையும் தம்பி வலது கையையும்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்குமேல் எழுதினால் என் சாமர்த்தியம்தான் தெரியும். அந்த இருவருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் எழுதப் போவதில்லை.

இருவரும் எதற்காக உள்ளே போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள், பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.