ஒற்றைப் படத்தின் அறை

அருங்காட்சியகத்துத் தச்சர்களுக்கு அவள் ‘அரையடி மேடம்’. கண்காட்சிக்கான பலகைச் சுவரை எங்கே நிறுத்தினாலும் வந்து நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அரையடி இப்படித் தள்ளுங்க என்பாள். தள்ளி முடித்த பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொன்ன நாட்களும் உண்டு. மேஸ்திரி நேரில் வெறும் மேடம் என்பார். தலை மறைந்ததும் அரையடி சேர்ந்துகொள்ளும். அது அவளுக்கும் தெரியும். இருபத்தாறு வருட வேலையில் கிடைத்த ஒரே பட்டம் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஓவியக் கண்காட்சிகளை வடிவமைப்பது அவள் வேலை. எந்தப் படம் எந்தச் சுவரில், எந்த உயரத்தில், விளக்கு எந்தப் பக்கமிருந்து, வருகிறவர்களுக்குக் கால் வலிக்கும்போது எங்கே ஒரு பெஞ்சு என்பதையெல்லாம் முதலில் அட்டையில் சின்னதாகச் செய்து பார்ப்பாள். அதற்குள் கட்டைவிரல் உயரத்துக்குக் காகித மனிதர்களை வெட்டி நிறுத்துவாள். நிறுத்திய இடத்தில் அவர்கள் நிற்பார்கள். நிஜ மனிதர்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் கைகூடவில்லை. ஒரு வயதுக்கு மேல் அவளும் அதை விட்டுவிட்டாள். பெற்றவர்கள் போன பிறகு சொந்தமென்று மிஞ்சியது ஒரு அக்கா. அதே ஊர்தான், பேருந்தில் முக்கால் மணி நேரம். ஆனால் அக்காவுக்கு மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளை என்று மூச்சுவிட நேரமில்லாத வீடு. இவள் போன் செய்தால் பாதிப் பேச்சு அக்கா வேறு யாருக்கோ பதில் சொல்வதாகவே இருக்கும்.

அந்த வருடம், என்றோ இறந்துபோன ஓர் ஓவியரின் கண்காட்சி வந்தது. மனிதர் வாழ்நாள் முழுக்கத் தன் வீட்டின் உட்புறத்தை மட்டுமே வரைந்தவர். நாற்பத்தேழு படங்கள். அதில் கடைசிப் படம் இரண்டு உள்ளங்கை அகலம்தான். ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு பெண்ணின் சால்வை. மனைவி இறந்த வருடம் வரைந்தது. பெட்டியைப் பிரித்த அன்று அவள் அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதைக் கூட்டத்தோடு கூட்டமாக மாட்டக் கூடாது, தனி அறை வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள்.

இத்தனூண்டு படத்துக்கு எதற்கு ஓர் அறையை வீணாக்குவது என்று கேட்டார் டைரக்டர். மூன்று வாரம் ஒற்றைக்காலில் நின்று அவள் அந்த அறையை வாங்கினாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவருக்கு மழை இருட்டின் நிறம், ஒரே ஒரு விளக்கு, எதிரே ஒரு பெஞ்சு. உள்ளே நுழையும்போதே பேச்சு அடங்க வேண்டும் என்று வாசலை மட்டும் குறுகலாக வைத்தாள்.

மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்ல ஆறு பேருக்கு ஒரு ரூம்தான் மேடம். இந்தப் படம் கொடுத்து வெச்சது.”

திறப்பு விழாவுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். அக்கா அவளுடைய கண்காட்சி ஒன்றைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “படம் அவரு வரைஞ்சது. சுவரு ஆசாரிங்க கட்டினது. இதுல நீ என்னடி பண்ணின?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகளிடமிருந்து போன் வர, அக்கா பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வழக்கம்போல் ஓரமாக நின்று ஜனங்கள் நடப்பதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். பெரிய கூடங்களில் எல்லாம் நினைத்தபடியே நடந்தது. அந்தச் சின்ன அறை மட்டும் காற்றாடியது. குறுகிய வாசலைப் பார்த்ததும் ஏதோ உள்வேலைக்கான இடம் என்று நினைத்து விலகிப் போனார்கள். ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, பாத்ரூம் இதுதானா என்று காவல்காரப் பெண்ணிடம் கேட்டாள். நூறு பேரில் நான்கு பேர் உள்ளே போனால் அதிகம்.

தப்பு தன்னுடையது என்று அவளுக்குப் புரிந்தது. டைரக்டரிடம் போய் வாசலை அகலப்படுத்த ஒரு நாள் கேட்டாள். திறந்த கண்காட்சியை மூட முடியாது என்றார். வேண்டுமானால் ஒரு அம்புக்குறி ஒட்டிக்கொள்ளச் சொன்னார். மனசே இல்லாமல் ஒட்டினாள். அம்புக்குறியையும் பார்த்துவிட்டு ஜனங்கள் நேரே போனார்கள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் மத்தியானம், நின்று நின்று முதுகு கழன்றுபோக, யாரும் வராத இடம்தானே என்று அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கணவனும் மனைவியும் தயங்கித் தயங்கி உள்ளே வந்து, அவளுக்குப் பின்னால் நின்று, படத்தைப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அவள் எழுந்து வெளியே வந்ததும் அறை மறுபடி வெறிச்சோடியது. திரும்பப் போய் உட்கார்ந்தாள், திரும்ப வந்தார்கள்.

உள்ளே ஒரு மனித முதுகு தெரிந்தால் போதும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை அந்தப் பெஞ்சில் உட்காருவது அவளுடைய வேலையாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். காவல்காரப் பெண் மட்டும், மேடத்துக்கு இந்தப் படம் அவ்வளவு பிடிக்குது என்று நினைத்துக்கொண்டாள். வந்தவர்கள் சில நேரம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தோள் லேசாக உரசும். ஈரக் குடையின் வாசனை, யாரோ அடக்கிக்கொண்ட இருமல், ஒரு பெருமூச்சு. வீட்டில் அவள் தன் மூச்சுச் சத்தத்தை மட்டுமே கேட்டுப் பழகியவள். இரண்டு மணி நேரம் போவதே தெரியவில்லை.

மூன்றாவது வாரம், அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெளுத்துப்போன கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெகுநேரம் படத்தையே பார்த்தவர், அவள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

“போன வாரமும் உங்களை இங்க பார்த்தேன். உங்களுக்கு யாருங்க போனாங்க?”

அவள் திடுக்கிட்டாள். யாரும் சாகவில்லை என்ற பொருளில், “யாருமில்லைங்க” என்றாள்.

அந்தப் பெண்மணி அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டார். முகம் இளகிவிட்டது. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்படியில்லைங்க, நான் இங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. கடைசியாக யார் தன் கையைப் பிடித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். போன வருடம் ரத்தம் எடுத்த நர்ஸ்.

தன் வீட்டுக்காரர் போய் ஏழு மாதம் ஆகிறது என்றார் அந்தப் பெண்மணி. அவர் சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறதாம். மகன் எடுத்துவிடச் சொல்கிறானாம். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். சொல்ல என்னவோ இருந்தது. பேரனுக்குக் காய்ச்சல், அப்புறம் கூப்பிடுறேன்டி என்றாள் அக்கா. இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டபோது இவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கடைசி வாரத்தில் கண்காட்சியைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள் போல, கூட்டம் நெரிந்தது. அந்தச் சின்ன அறைக்குள்ளும் ஆட்கள் நின்றார்கள், பெஞ்சில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணிக்குப் போனவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். நினைத்தது நடந்துவிட்டது; சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம்தான். ஆனால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. மாடிக்குப் போய் அடுத்த கண்காட்சிக்கு அட்டை வெட்ட ஆரம்பித்தாள்.

எல்லாம் முடிந்து சுவர்களைப் பிரித்த அன்று காவல்காரப் பெண் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நேத்து ஒரு அம்மா வந்து, தனியா உட்கார்ந்திருப்பாங்களே அவங்க எங்கேன்னு கேட்டாங்க மேடம். எனக்கு யாருன்னே புரியல. அப்புறம்தான் நீங்கன்னு தெரிஞ்சுது. நம்பர் எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க.”

சீட்டு நான்கு நாள் அவள் பையில் கிடந்தது. கூப்பிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால், ஏமாற்றிவிட்டாயே என்று நினைப்பார்களோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைத்து, காயப்போட்டு, தரையைத் துடைத்து, வேறு வேலையே இல்லாமல் போன பிறகு கூப்பிட்டாள். தான் அங்கே வேலை பார்ப்பவள், கூட்டம் வர வேண்டுமென்று உட்கார்ந்திருந்தவள், யாரும் சாகவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண்மணி கேட்டார்:

“அப்ப, வீட்ல உங்களுக்கு யார் இருக்காங்க?”

“யாரும் இல்லைங்க.”

“அன்னைக்கும் இதைத்தானே சொன்னீங்க.”

அந்தப் பெண்மணியே பேச்சை மாற்றினார். அடுத்து என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். மண்பாண்டங்கள், இரண்டு மாதமாகும் என்றாள். முட்டிவலி விட்டால் வருகிறேன் என்றார். அவ்வளவுதான் பேசினார்கள். போனை வைத்த பிறகு அவள் சமையலறைக்குப் போய், ஒருத்திக்கான அரிசியை அளந்து, கழுவி, அடுப்பில் வைத்தாள்.