மலர்விழி தூங்கும் இடம்

குமுதா மாத்திரையைத் தூளாக்கி ஒரு கரண்டி தயிரில் கலந்து ஊட்டினாள். மலர்விழி சப்புக்கொட்டி விழுங்கியதை, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருச்செல்வம் பார்த்தபடி நின்றான். அரை மணி நேரத்தில் பிள்ளை தாயின் தோளில் சாய்ந்துவிட்டது. இனி சாவிக்கு வேலையில்லை.

மகளுக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. தூக்கமும் ஒழுங்காக வந்ததில்லை. பகலெல்லாம் பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலை வேன் ஓட்டிவிட்டு வரும் திருச்செல்வம், இரவில் அவளைத் தன் பழைய காரில் உட்காரவைத்துக் கிள்ளான் நகரைச் சுற்றுவான். காப்பார் சாலை, மேம்பாலம், துறைமுக விளக்குகள். எங்கோ ஒரு வளைவில் அவள் தலை சாயும். குமுதா எவ்வளவு தட்டிக்கொடுத்தாலும் மூடாத கண், அவன் ஓட்டினால் மூடும். அப்பா காடிதான் அவளுக்குத் தொட்டில் என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது, கண் எரிந்தாலும் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும்.

பிறகுதான் குழந்தை மருத்துவர் மெலடோனின் எழுதிக்கொடுத்தார். இது தூங்கும் நேரத்தை உடம்புக்கு நினைவூட்டும் மருந்து, இந்த மாதிரிப் பிள்ளைகள் சிலருக்கு உதவும், விளக்கைக் குறைத்து தினமும் ஒரே நேரத்தில் படுக்கவையுங்கள் என்றார். உதவியது. பள்ளியில் அவள் பிறரைக் கடிப்பது குறைந்ததாக ஆசிரியை சொன்னார். குமுதாவின் முகத்தில்கூட சதை பிடித்தது. திருச்செல்வத்துக்கோ வயிறு எரிந்தது. மாத்திரை மேல் பொறாமைப்பட்டால் ஊர் சிரிக்கும். அதனால் குமுதாவின் மேல் பொறாமைப்பட்டான். நல்லா தூங்குனா என்று காலையில் அவள் சொல்வதெல்லாம் தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று தோன்றியது.

சனிக்கிழமை செமினியில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போன குமுதா அங்கேயே தங்கினாள். மருந்து, நேரம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் மாத்திரையைத் தொடவில்லை. மகளைக் காரில் ஏற்றினான்.

மலர்விழி தூங்கவில்லை. துறைமுகம் வரை முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது முனகல் தொடங்கியது. பிறகு ஜன்னலில் தலையை இடித்துக்கொண்டாள். அவன் நடுவில் கையைக் கொடுத்தான், கடித்துவிட்டாள். காரை ஓரங்கட்டி குமுதாவுக்குப் போன் செய்தான்.

"மாத்திரை குடுக்கல. காடியில தூங்கிடும்னு நெனச்சேன்."

போனில் மேளச் சத்தம் தள்ளிப்போனது; அவள் வாசலுக்கு வந்திருந்தாள்.

"என்னைப் பாத்து ஒங்களுக்குப் பொறாமை. எனக்குத் தெரியும் லா" என்றாள் குமுதா. "நீங்க அவளக் காடியில ஏத்திட்டுப் போறப்பல்லாம், வாசல் கேட்டுக்குள்ள நின்னு நானும் அப்படித்தான் பாத்தேன். வீட்டுக்குப் போயி குடுங்க. பக்கத்துல படுங்க."

கொடுத்தான். படுத்தான். மகளோடு ஒரே மெத்தையில் அவன் படுத்ததே இல்லை. கடிபட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக் கிடந்தான். மெல்ல அவள் மூச்சு சீரானது. தூக்கத்தில் புரண்டவளின் குளிர்ந்த பாதம் அவன் வயிற்றின் மேல் ஏறியது. அம்மா என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. அசைந்தால் எடுத்துவிடுவாள் என்று, மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தான்.